நான்கு ரோபோக்களும் ஒரே 4,000 பாஸ்கலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வீட்டைப் பெருக்கித் துடைக்கும் ரோபோ வாக்குவம் கிளீனர்களை ஒப்பிட்டுத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான கட்டுரையை, மூன்று ஆண்டுகளாக அத்தகைய இயந்திரங்களோடு குடித்தனம் நடத்தி வருபவன் என்ற முறையில் ஒரு வரி விடாமல் படித்தேன். எளிய நடையும் விலை விவரமும் பாராட்டத்தக்கவை. ஆனால் கட்டுரையின் நடுவே கட்டம் கட்டி வெளியிட்டிருந்த அட்டவணை, உறிஞ்சு திறன் எத்தனை பாஸ்கல் என்ற ஒரே கணக்கில் மாடல்களை மேலிருந்து கீழாக அடுக்கியிருந்தது. கட்டுரையைப் படிக்காமல் அட்டவணையை மட்டும் பார்ப்பவர், முதல் வரியில் இருப்பதுதான் நல்ல இயந்திரம் என்று முடிவு கட்டிவிடுவார். அப்படி முடிவு கட்டிய இருவர், அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு மறுநாள் காலையே என் வீட்டுக் கதவைத் தட்டியதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் பாலிடெக்னிக்கில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். என் மனைவிக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்த ஆண்டில், வெகுகாலமாக எங்கள் வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அம்மாளும் மகளின் பிரசவத்துக்காக ஊருக்குப் போய் அங்கேயே தங்கிவிட, குனிந்து பெருக்கவோ மண்டியிட்டுத் துடைக்கவோ ஆளில்லாத நிலையில் இந்தச் சந்தைக்குள் நுழைந்தேன். நானும் முதலில் பாஸ்கலைப் பார்த்துத்தான் வாங்கினேன். வாழ்நாள் முழுவதும் அந்த அலகைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவனே ஏமாந்தான் என்றால் மற்றவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு. 4,000 பாஸ்கல் என்றால், குழாயில் நீரை ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேலே இழுத்து நிறுத்தக்கூடிய அழுத்த வேறுபாடு, அவ்வளவுதான். இளநீர்க் கடையில் ஒரு சாண் நீளமுள்ள ஸ்ட்ராவை வைத்து உறிஞ்சும்போது நம் வாயே ஏறத்தாழ 2,000 பாஸ்கலை உண்டாக்கிவிடுகிறது. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் 1,01,325 பாஸ்கல் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் மின்னும் எண் அத்தனை மலைக்க வேண்டியதல்ல என்பது புரியும். இன்னொன்றும் உண்டு. ஓர் உறிஞ்சும் இயந்திரத்தின் அழுத்தம் உச்சத்தைத் தொடுவது அதன் வாயை முழுவதுமாக அடைத்து, காற்றே உள்ளே போகாதபடி செய்யும்போதுதான். காற்று ஓடாதபோது தூசியும் ஓடாது. தூசியை எடுத்துப்போவது அழுத்தமும் காற்றோட்டமும் சேர்ந்து செய்யும் வேலை. அந்தக் காற்றோட்டம் எவ்வளவு, உருளைப் பிரஷ் தரையோடு எவ்வளவு நெருங்கி உட்காருகிறது, வாயிலிருந்து குப்பைப் பெட்டி வரையிலான பாதை எவ்வளவு நேராக இருக்கிறது என்பவை விளம்பரங்களில் இடம்பெறுவதில்லை.

இந்தப் பாஸ்கல் பந்தயம் ஏன் ஓடுகிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அறை முழுக்கச் சுவர் முதல் சுவர் வரை கம்பளம் விரித்த வீடுகள் ஏராளம். கம்பள இழைகளுக்குள் இறங்கிவிட்ட மண்ணையும் நாய்முடியையும் மேலே இழுக்க அழுத்தம் வேண்டும். நம் வீடுகளில் இருப்பது டைல்ஸ், மொசைக், மார்பிள், கிரானைட். பழைய வீடாக இருந்தால் சிவப்பு ஆக்சைடு தரை. காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடிக் கல். இவற்றின் மேல் தூசி சும்மா கிடக்கிறது. பிரஷ் தள்ளிவிட்டால் சுமாரான காற்றே அதை அள்ளிக்கொள்ளும். அதனால் நமக்கு 4,000 பாஸ்கலுக்கும் 8,000 பாஸ்கலுக்கும் இடையிலான வித்தியாசம் பெரும்பாலும் சத்தத்திலும் பேட்டரி தீரும் வேகத்திலும்தான் தெரியும். அட்டவணையில் இடம்பெறாத விஷயங்கள்தான் நம் தரையைச் சுத்தமாக்குகின்றன, அல்லது அழுக்காகவே விட்டுவிடுகின்றன.

இதற்கு ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையிலிருந்து எடுத்துக்காட்டுத் தருகிறேன். சியோமி நிறுவனம் உலகச் சந்தைக்கென வெளியிட்ட இ10, எஸ்10, எஸ்10 பிளஸ், எக்ஸ்10 பிளஸ் என்ற நான்கு மாடல்களுக்கும் நிறுவனமே சொல்லும் உறிஞ்சு திறன் ஒன்றுதான்: 4,000 பாஸ்கல். தங்கள் அட்டவணையின் கணக்குப்படி நான்கும் ஒரே படியில் நிற்க வேண்டும். ஆனால் இ10-இல் லேசர் கிடையாது. திரும்பும் திசையை உணரும் கைரோஸ்கோப்பின் துணையோடு குத்துமதிப்பாக வளைந்து வளைந்து ஓடும். எஸ்10-இன் தலையில் சுழலும் லேசர் அறையை அளந்து வரைபடம் போட்டுக்கொள்ளும், ஆனால் துடைப்பது பின்னால் இழுபடும் ஈரத்துணி. எஸ்10 பிளஸில் அந்தத் துணிக்குப் பதிலாக அழுத்திச் சுழலும் இரண்டு மாப் வட்டுகள். எக்ஸ்10 பிளஸோ அந்த வட்டுகளைத் தானே கழுவி உலர்த்தி, குப்பையையும் காலி செய்துகொள்ளும் நிலையத்தோடு, அதாவது இயந்திரம் திரும்பி வந்து நிற்கும் பெட்டியோடு, வருகிறது. எண் ஒன்றேயானாலும் இவை நான்கு வேறு வேறு சாதனங்கள். விலையிலும் அவை அப்படித்தான் விலகி நிற்கின்றன.

பெயர்களை நம்பியும் தேர்ந்தெடுக்க முடியாது. ரோபோராக் நிறுவனத்தில் எஸ்8 என்பது இயந்திரம் மட்டும். எஸ்8 பிளஸ் என்றால் அதோடு குப்பையை உறிஞ்சி எடுத்துவைக்கும் நிலையமும் சேர்ந்தது. இதிலிருந்து பிளஸ் என்றால் நிலையம் என்று ஒருவர் பாடம் படித்துக்கொண்டு சியோமியின் பக்கம் வந்தால், அங்கே எஸ்10 பிளஸில் பிளஸ் இருக்கிறது, நிலையம் இல்லை. எக்ஸ்10-இல் பிளஸ் இல்லை, குப்பை எடுக்கும் நிலையம் இருக்கிறது. புரோ, மேக்ஸ், அல்ட்ரா என்ற ஒட்டுகளுக்கும் இதே கதிதான். ஆகவே ஒத்த தோற்றமுள்ள இரண்டு மாடல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர் பெயரின் வாலை மறந்துவிட்டு நான்கைந்து கேள்விகளை நேராகக் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலாவது, அது வழி கண்டுபிடிக்கும் முறை. நான் முதலில் வாங்கிய இயந்திரத்துக்கு லேசர் இல்லை. எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே தேவையில்லை. அந்த விலையில் அன்று கிடைத்தவை பலவும் அப்படித்தான் இருந்தன. கூடத்தில் ஊஞ்சலுக்கும் சோபாவுக்கும் நடுவே ஒரே இடத்தை மூன்று முறை பெருக்கும்; படுக்கையறைக் கதவு வரை வந்து ஏதோ நினைத்துக்கொண்டாற்போலத் திரும்பிப் போய்விடும். நடுவில் யாராவது தூக்கி நகர்த்தி வைத்துவிட்டால் தான் எங்கே இருக்கிறோம் என்பதே அதற்கு மறந்துவிடும். என் மைத்துனர் வீட்டில், 2020 ஏப்ரலில் ஊரடங்கின் நடுவே கூட்டுநிதித் திட்டத்தில் 17,999 ரூபாய்க்கு இந்தியாவில் அறிமுகமான மி ரோபோ வாக்குவம் மாப் பி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் உறிஞ்சு திறன் வெறும் 2,100 பாஸ்கல், ஆனால் லேசர் உண்டு. ஒரு பொங்கல் விடுமுறையில் அதை எங்கள் வீட்டுக்கு எடுத்துவரச் சொல்லி இரண்டையும் ஒரே தரையில் ஓடவிட்டுப் பார்த்தேன். சாப்பாட்டு மேசைக்கு அடியில், நாற்காலிக் கால்களுக்கு நடுவே, சுவரோரம் என மூன்று இடங்களில் ஒரு கைப்பிடி ரவையைத் தூவினேன். தூவிய இடத்துக்கு நேரே வந்தபோது இரண்டும் ஒன்றுபோலவே அள்ளின. பாஸ்கலின் பெருமை அங்கே ஒன்றும் தெரியவில்லை. என் இயந்திரம் நாற்காலிக் கால்களுக்குள் இரண்டு முறை முட்டிவிட்டு வெளியேறி, அந்த ரவையை அப்படியே விட்டுவிட்டு, முடித்துவிட்டேன் என்று இசை எழுப்பியது. மைத்துனருடையதோ ஒவ்வொரு காலையும் சுற்றி வந்து, விட்டுப்போன பட்டைகளைத் தேடித் திரும்பி வந்து அள்ளியது. சுவரோரத்தில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோட்டை இரண்டுமே விட்டுவைத்தன என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வட்டமான உடம்புக்கு மூலை எட்டாது.

வரைபடம் இருந்தால் இன்னொரு வசதி. பூஜை அலமாரிக்கு முன் போடும் கோலத்தையும் குத்துவிளக்கையும் சுற்றிச் செயலியில் ஒரு கட்டம் போட்டுவிட்டால் அதற்குள் நுழையாது. லேசர் இல்லாத பழைய இயந்திரம் ஒரு வெள்ளிக்கிழமை மாக்கோலத்தின் மேல் ஏறி, அதை வீடு முழுக்க வரைந்துவிட்டு வந்த கதையை என் மனைவி இன்னும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். லேசரும் எல்லாம் தெரிந்ததல்ல. அது இயந்திரத்தின் உச்சித் தலையில், தரைக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயரத்தில் சுழல்வதால், அதற்குக் கீழே கிடக்கும் செருப்பு, சார்ஜர் வயர், பேரனின் சாக்ஸ் எதுவும் அதன் கண்ணில் படாது. கண்ணாடிக் கதவும் அதைக் குழப்பும். தரையில் கிடப்பதைப் பார்க்க முன்பக்கம் தனியாகக் கேமராவோ சிறு லேசரோ வேண்டும். விலை கூடிய மாடல்களில் கூடுதல் பணம் போவதில் பெரும்பகுதி இதற்குத்தான். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தப் பணம் வீணல்ல. எங்களைப் போல் இருவர் மட்டும் இருக்கும் வீட்டில், பொத்தானை அழுத்துமுன் தரையில் கிடப்பதை எடுத்துவைத்துவிட்டாலே போதும். மேலும், கேமரா என்பது படம் எடுக்கும் பொருள். சோதனைக்காக ஓடவிட்ட, ஐரோபோட் நிறுவனத்தின் ரூம்பா என்ற ரோபோ வாக்குவம் மாடல்கள் வீடுகளுக்குள் எடுத்த அந்தரங்கப் படங்கள் சமூக ஊடகங்களுக்குப் போய்விட்டதை 2022 டிசம்பரில் எம்ஐடி டெக்னாலஜி ரிவியூ என்ற அமெரிக்க இதழ் வெளிக்கொண்டுவந்தது. அதைப் படித்தபின் நான் கேமரா இல்லாததையே தேர்ந்தெடுத்தேன். இது என் சொந்த விருப்பம். யாருக்கும் விதியாகச் சொல்லவில்லை.

இரண்டாவது, துடைக்கும் முறை. தங்கள் கட்டுரை இதற்கு ஒதுக்கியிருந்தது ஒரே வாக்கியம்: எல்லா மாடல்களிலும் மாப் வசதி உண்டு என்று. என் பார்வையில் நம் நாட்டு வீடுகளுக்கு முழு விவாதமும் இங்கேதான் இருக்கிறது. நாம் பெருக்குவதோடு நிறுத்துவதில்லை. பெருக்கிய பின் துடைத்தால்தான் வேலை முடிந்ததாகக் கொள்கிறோம். விலை குறைந்த மாடல்களில் மாப் என்பது ஒரு சிறு தண்ணீர்த் தொட்டியும் அதற்கடியில் ஒட்டிய ஒரு துணியும்தான். அழுத்தம் கிடையாது, தேய்ப்பு கிடையாது; இயந்திரம் போகும் இடமெல்லாம் ஈரத்துணி கூடவே இழுபடும். அன்றாடத் தூசிக்கு அது போதும். சாம்பார் சொட்டி உலர்ந்த இடத்தின் மேல் அது பத்து முறை போனாலும் சொட்டு அப்படியே இருக்கும், கொஞ்சம் பளபளப்போடு. 2021-இல் வந்த ரோபோராக் எஸ்7 துணியை நிமிடத்துக்கு 3,000 முறை அதிரவைத்துத் தேய்த்தது. அதன் பாஸ்கல் வெறும் 2,500. தரை துடைப்பதில் அது பேர் வாங்கியதற்கு அந்த அதிர்வுதான் காரணம். சுழலும் இரட்டை வட்டுகள் அதற்கு அடுத்த படி. காய்ந்த கறையை அவைதான் ஓரளவுக்காவது எடுக்கின்றன.

ஆனால் துணியின் வகையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. வீட்டு வேலைக்கு வரும் எந்த அம்மாளும் சமையலறையைத் துடைத்த துணியை வாளியில் அலசிப் பிழியாமல் அடுத்த அறைக்குப் போகமாட்டார். தண்ணீர் கலங்கினால் மாற்றிக்கொண்டு வருவார். நிலையம் இல்லாத ரோபோ என்ன செய்கிறது? சமையலறையில் எண்ணெய்ப் பிசுக்கை ஏற்றிக்கொண்ட அதே துணியோடு கூடத்துக்கு வந்து, படுக்கையறையைச் சுற்றி, கடைசியில் பூஜை அறை வாசலில் போய் நிற்கிறது. வெயில் சாய்வாக விழும் மாலை வேளையில் டைல்ஸைப் பார்த்தால் அது போன தடம் முழுவதும் கோடு கோடாகத் தெரியும். சாதா மாப் வாங்கியிருப்பவர்கள் அறைக்கு ஒரு துணி என்று நான்கைந்து துணிகளை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி ஓடவிடுவதுதான் இதற்கு வழி. நாங்கள் அப்படித்தான் செய்தோம். செயலியில் சமையலறையைக் கடைசி அறையாக வரிசைப்படுத்திவிட்டால் பாதிக் குறை தீரும், ஆனால் அதற்கு வரைபடம் வேண்டும், வரைபடத்துக்கு லேசரோ கேமராவோ வேண்டும். பணம் இருப்பவர்கள், நடுநடுவே திரும்பி வந்து துணியை அலசிக்கொள்ளும் நிலையத்தோடு வாங்கலாம்.

அந்த நிலையத்தைப் பற்றியும் விளம்பரம் சொல்லாத ஒரு பக்கம் உண்டு. அதில் நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, அழுக்குத் தண்ணீருக்கு ஒரு தொட்டி. நம் ஊர் வெப்பத்தில் அழுக்குத் தொட்டியை இரண்டு நாள் மறந்துவிட்டால் கூடத்திலேயே நாற்றம் வீசும். எங்கள் பகுதியைப் போல ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் வரும் இடங்களில், அலசும் தட்டிலும் நீர் ஓடும் மெல்லிய குழாய்களிலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். பினாயில் ஊற்றலாமா என்று கேட்காத மனிதரில்லை. ஊற்றக் கூடாது, தாங்கள் சொல்லும் திரவத்தைத் தவிர வேறெதையும் தொட்டியில் விடாதீர்கள் என்றுதான் பெரும்பாலான நிறுவனங்கள் எச்சரிக்கின்றன. குப்பை நிலையத்தின் பையும் அப்படித்தான்: நிறைந்ததும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்க வேண்டிய பொருள். பெரிய சாலையை ஒட்டிய வீட்டில், ஜன்னலைத் திறந்து வைத்துக் குடியிருப்பவர்களுக்கு, பெட்டியில் போட்டிருக்கும் நாள்கணக்கு வராது.

மூன்றாவது, வீட்டை அளப்பது. இயந்திரத்தைப் பார்க்கும் முன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்கு அடியிலும் அளந்துகொள்ளுங்கள் என்றுதான் என்னிடம் வந்த இருவருக்கும் முதலில் சொன்னேன். லேசர் தலையோடு சேர்த்து இயந்திரம் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் இருக்கும். கட்டிலடி 9 சென்டிமீட்டர் என்றால் மிகுதியான தூசி சேரும் இடத்துக்கே அது போகாது. அதேபோல அறைக்கு அறை உள்ள வாசற்படிகள். பெரும்பாலான மாடல்கள் ஏறுவது 2 சென்டிமீட்டர் வரை. பழைய வீடுகளில் மரநிலைக்குக் கீழே உள்ள படி அதைவிட உயரமாகவே இருக்கும். ஒருவர் வீட்டில் கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகும் கிரானைட் படி மூன்றரை சென்டிமீட்டர் என்று தெரிந்தது. எந்த மாடலை வாங்கினாலும் அவர் அதைக் கையால் தூக்கித்தான் சமையலறைக்குள் விட வேண்டும் என்றால், அல்ட்ராவுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி அந்தப் படியிலேயே நின்றுவிடுகிறது. அவர் நிலையம் இல்லாத, லேசர் உள்ள மாடலோடு நிறுத்திக்கொண்டார். பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும் என்பதும் வாங்கிவந்து பெட்டியைப் பிரித்த பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது.

உருளைப் பிரஷைப் பற்றி ஒரு சொல். பல வீடுகளில் பெண்களின் நீளக் கூந்தல்தான் ரோபோவின் முதல் எதிரி. இரண்டாவது, வாடி உதிர்ந்த மல்லிகைச் சரத்தின் நார். எங்கள் இயந்திரத்தின் சத்தம் ஒருநாள் மாறியபோது கவிழ்த்துப் பார்த்தேன். உருளையின் இரு முனைகளிலும் முடியும் வாழைநாரும் பட்டுச்சேலைக் குஞ்சத்தின் நூலும் சேர்ந்து கயிறுபோல் இறுகி, தாங்கியில் சூடேறி, பிளாஸ்டிக் லேசாக உருகத் தொடங்கியிருந்தது. என் மனைவியின் தையல் கத்தரியால் முக்கால் மணி நேரம் வெட்டி எடுத்தேன். தூரிகை மயிர் வைத்த உருளையைவிட முழுவதும் ரப்பராலான உருளையில் இது குறைவாக நேர்கிறது. முனைமூடியைக் கையால் கழற்ற முடிகிறதா, திருப்புளி வேண்டுமா என்பதைக் கடையிலேயே கழற்றிப் பார்த்துவிடலாம். விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இனி, என்னை மிகவும் வருத்திய விஷயம். எங்கள் முதல் இயந்திரத்தின் வலது சக்கரம் பதினான்காவது மாதத்தில் நின்றுபோனது. உத்தரவாதம் பன்னிரண்டு மாதம். நகரத்தில் அந்த நிறுவனத்துக்கென இருந்த சேவை மையத்தில், சக்கரத் தொகுதி தனியாக வருவதில்லை, வந்தாலும் எப்போது என்று சொல்ல முடியாது, தள்ளுபடியில் புதியது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஏழு வாரம் நடையாய் நடந்துவிட்டு, கெடாத மோட்டாரும் கெடாத பேட்டரியும் உள்ள இயந்திரத்தை மின்கழிவாகக் கொடுத்துவிட்டு வந்தேன். அதன்பிறகு நான் எந்த மாடலைப் பற்றியும் முதலில் விசாரிப்பது உதிரிப் பாகங்களைத்தான்: பக்கப் பிரஷ், உருளை, ஃபில்டர், மாப் துணி இவை எங்கே கிடைக்கும், பேட்டரி என்ன விலை, சக்கரமும் லேசர் தலையும் தனியாக மாற்றித் தருவார்களா என்று. லித்தியம் பேட்டரி தினமும் ஓடினால் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். அன்று அது கிடைக்காவிட்டால் 8,000 பாஸ்கலும் பரணுக்குத்தான் போகும். பெட்டியின் மேல் இறக்குமதியாளர் பெயர், முகவரி, நுகர்வோர் தொடர்பு எண், உற்பத்தியான நாடு ஆகியவை இருக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. பணம் கொடுக்கும் முன் அந்த எண்ணுக்கு ஒருமுறை அழைத்து, பேட்டரி விலையைக் கேட்டுப் பாருங்கள். பதில் வரும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

பெரிய பெயர் என்பதும் இதில் காப்பு அல்ல. 1990-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் தொடங்கி, 2002-இல் ரூம்பாவைக் கொண்டுவந்து இந்தச் சந்தையையே உருவாக்கிய ஐரோபோட் நிறுவனம், அமேசான் அதை வாங்குவதாக இருந்த ஒப்பந்தம் 2024 ஜனவரியில் முறிந்த பின் நொடித்து, 2025 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கோரியது. ரோபோ வாக்குவம் தயாரித்துவந்த நியாட்டோ நிறுவனத்தை அதன் ஜெர்மானிய உரிமையாளரான ஃபோர்வெர்க் 2023-இல் மூடியது. ஐந்தாண்டுக்காவது இயங்கும் என்று சொல்லப்பட்ட அதன் இணையச் சேவை 2025-லேயே நிறுத்தப்பட்டது. வாங்கியவர்களின் இயந்திரங்கள் கெடவில்லை, ஆனால் செயலியும் வரைபடமும் போய்விட்டன. ஆகவே ரோபோவின் மேலேயே உள்ள பொத்தானை அழுத்தினால் செயலி இல்லாமலும் அது வேலை செய்கிறதா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

இவ்வளவும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனியே தேடித் தெரிந்துகொள்ள வேண்டியதாக இருப்பது சரியில்லை. வீட்டு உபயோக ரோபோ வாக்குவம்களின் செயல்திறனை அளக்கும் முறைகளுக்கு பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐஇசி 62885-7 என்ற தரநிலை 2020 முதல் இருக்கிறது. கடினமான தரையில் எவ்வளவு தூசியை எடுத்தது என்பதை அத்தகைய பொது முறைப்படி அளந்து பெட்டியில் அச்சிட வைத்தால், பாஸ்கல் பந்தயம் தானே ஓய்ந்துவிடும். பிரான்சில் ரோபோக்கள் உட்பட வாக்குவம் கிளீனர்களுக்கு, எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்பதைச் சொல்லும் பழுதுபார்ப்புக் குறியீட்டு எண் 2022 நவம்பர் முதல் கட்டாயம். பத்துக்கு எத்தனை என்று கடையிலேயே எழுதி வைத்திருக்க வேண்டும். நம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் 2024-இல் இத்தகைய குறியீட்டுக்காகக் குழு அமைத்தது, ஆனால் அதன் முதல் கவனம் கைப்பேசிகளின் மேல்தான் இருந்தது. ஃபிரிட்ஜுக்கும் ஏசிக்கும் நட்சத்திர முத்திரையைப் பார்த்து வாங்கப் பழகிவிட்ட மக்கள் இதையும் பார்த்து வாங்குவார்கள். தங்கள் நாளிதழ் அந்தத் துறையிடம் இதைக் கேட்டு எழுத வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

இரண்டாவது வேண்டுகோள் சிறியது. அந்த அட்டவணையை மீண்டும் வெளியிடும்போது பாஸ்கல் பத்தியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, லேசர் உண்டா, மாப் எந்த வகை, இயந்திரத்தின் உயரம் எத்தனை சென்டிமீட்டர், எவ்வளவு உயரப் படி ஏறும், பேட்டரி தனியாக என்ன விலை, தமிழ்நாட்டில் எந்தெந்த ஊர்களில் சேவை மையம் என்ற ஆறு பத்திகளைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மதுரையிலும் நெல்லையிலும் இருந்து இதை வாங்குகிறவர்கள் பழுதுக்காகச் சென்னைக்குப் பார்சல் அனுப்ப வேண்டியிருக்கிறது என்பதை அந்தக் கடைசிப் பத்தி ஒன்றே காட்டிவிடும். தங்கள் செய்தியாளர் எவரேனும் மாடல்களை நேரில் ஓடவிட்டுப் பார்க்க விரும்பினால் எங்கள் கூடமும், ஊஞ்சலும், ஒரு கைப்பிடி ரவையும் தயார். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம் என்று என் மனைவி சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் விரிவுரையாளர்,
நங்கநல்லூர், சென்னை.